அப்பா உயிலின் சாட்சி

எங்கள் பிளாக்கில் யாருக்குச் சாட்சிக் கையெழுத்து வேண்டுமென்றாலும் மாமாவிடம்தான் போவார்கள். அவர் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும், நீலம் ஒன்று, கறுப்பு ஒன்று. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பார்க்கிற ஆளுக்கு எதற்கு இரண்டு பேனா என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "சில ஆபீசுல நீலத்தைத் திருப்பி அனுப்பிடறாங்க பாப்பா. அப்பறம் அவங்க மறுபடி நம்மளைத் தேடி அலையணும்" என்றார். அலையப்போகிறவர்கள் அவர்கள், கவலை இவருக்கு.

கையெழுத்து வாங்க வருபவர்கள் வீட்டுக்கெல்லாம் வர மாட்டார்கள். ஷிப்ட் பஸ் வரும் ஸ்டாப்புக்கு வந்துவிடுவார்கள். குவார்ட்டர்ஸ் மாற்றக் கேட்கும் விண்ணப்பம், நாமினேஷன் ஃபாரம், யூனியன் மனு, எதுவானாலும் சரி. அவர் முன்னால் நிற்கும் ஆளின் முதுகில் காகிதத்தை விரித்து வைத்துக் கையெழுத்துப் போடுவார். பிறகு தன் முதுகைக் குனிந்து காட்டுவார், அடுத்த ஆள் அதில் வைத்துப் போடுவான். பஸ் வருவதற்குள் நாலு காகிதம் முடிந்துவிடும். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் ஒரு நாளும் படித்ததில்லை. "படிச்சா அவங்கள நம்பலைன்னு ஆயிடும்ல?" என்பார். டவுன்ஷிப் முழுக்க அப்படித்தான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள், அவரை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது.

எங்களுக்கு அவர் உறவு கிடையாது. அப்பாவுக்கு ஜூனியர், பக்கத்துக் குவார்ட்டர்ஸ், அவ்வளவுதான். அப்பாவுக்குச் சொந்த ஊர் மேல்பட்டாம்பாக்கம், அவருக்கும் அந்தப் பக்கம்தான். அதனால் மாமா. அக்கா அவருக்குப் பெரிய பாப்பா, நான் பாப்பா. எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும் நான் பாப்பாதான்.

அவர் வாயில் "இல்லை", "முடியாது" என்ற இரண்டு வார்த்தையும் வராது. நிஜமாகவே வராது. எதிரும் புதிருமாக இருந்த இரண்டு யூனியனிலும் அவர் உறுப்பினர். பஸ் ஸ்டாப்பைக் கிழக்கே தள்ளிவைக்க வேண்டும் என்று ஒரு மனு வந்தது, போட்டார். தள்ளிவைக்கவே கூடாது என்று மறுவாரம் இன்னொரு மனு வந்தது, அதிலும் போட்டார். இரண்டு மனுவும் ஒரே அதிகாரி மேசைக்குப் போனபோது அவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். "ரெண்டு பேரு சொல்றதுலயும் நியாயம் இருக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தாராம். அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அவர் மனைவி, எங்கள் அத்தைக்குச் சிரிப்பு வராது. ஒரே முகூர்த்தத்துக்கு மூன்று கல்யாணத்தில் பந்தி பார்க்கிறேன் என்று ஒத்துக்கொண்டு அவர் திண்டாடிய அன்று, அத்தை எங்கள் வாசலில் நின்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. "யாரு வந்தாலும் சரிங்க, சரிங்கன்னு தலைய ஆட்டிக்கினே இருந்தா எப்படி? ரெண்டு சொந்தக்காரனுக்கு ஒரே ரூம தர்றேன்னு சொல்லிக்கினு வந்து நிக்குது இந்த ஆளு. வூட்ல படுக்க எடம் இல்லாம நான் அடுப்பாண்ட படுத்துக்கினு கெடக்கறேன்!" அவர் பின்னால் நின்று அதற்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

ஒருமுறை நானே அவரிடம் சண்டை போட்டேன். ஏன் மாமா இப்படி, ஒரு தடவையாவது முடியாது என்று சொல்லித் தொலைக்கக் கூடாதா என்றேன்.  "எங்கப்பா கூலிக்குப் போனவரு. அவரு காலத்துல முடியாதுன்னு சொன்னா மறுநாள் வேலை கிடையாது. எனக்குப் பர்மனென்ட் ஆகி இருவது வருஷம் ஆச்சு பாப்பா. வாய்க்குத்தான் இன்னும் ஆவல" என்றார்.  

அந்த வாயால் மற்றவர்களுக்கு வினையும் வந்தது. அவர் செக்ஷனில் ஒருவர் திடீரென்று இறந்துபோனார். பெட்டியைத் திறந்தால், பி.எஃப். பணம் தம்பிக்கு என்று கல்யாணத்துக்கு முன்னால் எழுதின நாமினேஷன் ஃபாரம். சாட்சி, நம் மாமா. இறந்தவர் மனைவி கைக்குழந்தையோடு வந்து, "அண்ணே, இது உங்க கையெழுத்தா?" என்று கேட்டாள். ஆமாம்மா என்றார். "அப்ப எனக்கு எதுவும் வராதா?" என்று கேட்டாள். அதற்கும் அவர் ஆமாம்மா என்று சொல்ல, அவள் தரையில் விழுந்து அழுதாள். கல்யாணம் ஆனதுமே அந்தப் பழைய ஃபாரம் செல்லாமல் போய்விடும் என்று ஆபீசில் யாரோ விவரம் தெரிந்தவர் பிறகு சொன்னார், அவளுக்கு வரவேண்டியது வந்தது. அவள் கொடுத்த மனுவிலும் சாட்சி இவர்தான்.

இவ்வளவு சொல்லிவிட்டு இதையும் சொல்ல வேண்டும். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ரத்தம் தேவைப்பட்டது. அப்பா ஸ்டாப்பில் நின்று கேட்டார், முதலில் வந்தது இவர். கொடுத்துவிட்டு எழுந்தவர் வராந்தாவிலேயே மயங்கிச் சரிந்தார். முந்தின மாதம்தான் வேறு யாருக்கோ கொடுத்திருக்கிறார். "ஏன்யா சொல்லல?" என்று அப்பா திட்டினார். "சொன்னா நீங்க வேற ஆளைத் தேடணும்ல" என்றார், படுத்தபடியே. அம்மா பிழைக்கவில்லை. ஆனால் அந்த வராந்தாவில் வெள்ளையாய்க் கிடந்த அவர் முகத்தை நான் மறக்கவில்லை.

அப்பா ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், அதுதான் இங்கே எல்லோருக்கும் விதி. டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட்டுக்கு வெளியே ஒரு சின்ன மனையில் அப்பா வீடு கட்டினார். இரண்டு அறை, ஒரு வராந்தா, பின்னால் ஒரு பலா. அண்ணன் சென்னையில் வேலையோடு செட்டில் ஆகிவிட்டான். நான் சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டுப் போனேன். அக்காதான் புருஷன் விட்டுப் போனதால் திரும்பி வந்தாள். வராந்தாவில் தையல் மெஷினைப் போட்டு ஜாக்கெட் தைத்தாள். அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு ஒன்பது வருஷம், குளிப்பாட்டுவது முதல் எல்லாம் அவள்தான். அந்த வீடு அவளுக்குத்தான் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். சொன்னால் போதுமா? உயில் எழுதாமல் அவர் கண்ணை மூடினால் மூன்று பிள்ளைக்கும் சரிசமமாக மூன்று பங்கு. எனக்கு வேண்டாம், ஆனால் அண்ணன் விட மாட்டான் என்று அப்பாவுக்குத் தெரியும்.

அதனால் உயில் எழுத ஏற்பாடு செய்தோம். வக்கீல் குமாஸ்தா டைப் அடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். "பதிவு பண்ணாட்டியும் பரவால்லைங்க. ஆனா ரெண்டு சாட்சியும் ஐயா கையெழுத்துப் போடறதைக் கண்ணால பாக்கணும். ஐயா பாக்க அவங்களும் போடணும். அதனால அவங்கள வூட்டுக்கே கூப்ட்டுக்கினு வந்துடுங்க" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார். வீட்டைப் பெறப்போகிறவள் பக்கத்தில் இருந்தால் பின்னால் பேச்சு வரும் என்று அக்கா அன்றைக்குத் திருவதிகை கோயிலுக்குப் போய்விட்டாள். போகும்போது என் கையைப் பிடித்து, "நீ இருக்கியேன்னுதான் தைரியமாப் போறேன்டி" என்றாள்.

சாட்சிகள் வரும்வரை பொறுக்காமல் காலையிலேயே அப்பா கையெழுத்துப் போட்டார். நான் மட்டும்தான் கூட இருந்தேன். மாமாவும், சாட்சிக்குச் சொல்லிவைத்திருந்த அப்பாவின் இன்னொரு சிநேகிதரும் செகண்ட் ஷிப்ட், கிளம்புவதற்கு முன்னால் வருவதாகப் பேச்சு. அதற்குள் அப்பாவுக்கு மூச்சுத் திணறல் வந்து, இன்ஹேலர் மருந்தை இழுத்துவிட்டு அப்படியே தூங்கிவிட்டார். எனக்கோ சிதம்பரம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், பையனுக்கு மறுநாள் பரீட்சை. எழுப்புவானேன், அவர்களை இங்கே அலையவைப்பானேன் என்று நினைத்தேன். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேராகப் பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு வேறு என்ன தோன்றும்?

இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். "வூட்டுக்கு வரச் சொன்னீங்களே பாப்பா, இப்பத்தான் கிளம்பலாம்னு..." என்று மாமா இழுத்தார். அப்பா தூங்குகிறார் மாமா, இங்கேயே போட்டுவிடுங்கள் என்றேன். "சரி பாப்பா" என்றார். சிநேகிதர் முதுகில் வைத்து மாமா போட்டார், மாமா முதுகில் வைத்து சிநேகிதர் போட்டார். கறுப்புப் பேனா. பஸ் வந்துவிட்டது. ஏறப்போனவரை நிறுத்தி, "மாமா, அக்காகிட்ட இங்க போட்டதைச் சொல்லாதீங்க, திட்டுவா" என்றேன். "சரி பாப்பா, சொல்லல" என்றார். சாயங்காலம் அக்கா ஃபோனில், "ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்தாங்களாடி?" என்று கேட்டாள். வந்தாங்க, போட்டாங்க, போனாங்க என்றேன். ஒரு அவசரத்துக்குச் சொன்னது. மறுநாளே மறந்தும் போனேன்.

அப்பா போனார். கருமாதி முடிந்த கையோடு அண்ணன் பாகம் கேட்டான். அக்கா உயிலை எடுத்துக் காட்டினாள். அவன் பாகப்பிரிவினை வழக்குப் போட்டான், அவள் உயிலை நிரூபிக்க வேண்டியவள் ஆனாள். அதற்குள் அந்தச் சிநேகிதர் மாரடைப்பில் போய்விட்டார். மிச்சமிருந்த ஒரே சாட்சி, முடியாது என்று சொல்லத் தெரியாத என் மாமா. நடுவில் அண்ணனே ஒருமுறை இறங்கி வந்தான். முன்பக்கத்து அறையும் வராந்தாவும் அக்காவுக்கு இருக்கட்டும், மீதியைத் தனக்குத் தந்தால் வழக்கை விட்டுவிடுகிறேன் என்றான். "அப்பா எனக்கு முழுசா எழுதி வெச்சிருக்காரு, சாட்சி உயிரோட இருக்காரு, நான் ஏன் பாதிக்கு ஒத்துக்கணும்?" என்றாள் அக்கா. என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். அந்த நிமிஷம் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தலையை ஆட்டினேன்.

அக்கா பழங்களை வாங்கிக்கொண்டு மாமாவைப் பார்க்கப் போனாள். "அப்பா போடறதைப் பாத்தேன்னு நீங்க சொன்னாப் போதும் மாமா." "சரிம்மா பெரிய பாப்பா." மறுநாள் அண்ணன் போனான். "நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும் மாமா. நடந்ததைச் சொல்லுங்க போதும்." "சரி தம்பி." இரண்டையும் அத்தைதான் எனக்கு ஃபோனில் சொன்னது. "ரெண்டு பேருக்கும் சரின்னுட்டு, சோறு எறங்காம ஒக்காந்துக்கினு இருக்குது" என்றது.

எங்கள் வக்கீல் கெட்டிக்காரர். முதல் விசாரணைக்குப் பிரமாண வாக்குமூலம் ஒன்றை எழுதி நீட்டினார். உயில் எழுதியவர் என் முன்னிலையில் கையெழுத்திட்டார், அவர் பார்க்க நானும் கையெழுத்திட்டேன் என்று அதில் இருந்தது. மாமா வழக்கம்போலப் படிக்காமல் போட்டார். குறுக்கு விசாரணைக்குத்தான் வக்கீல் பயந்தார். எங்கள் வராந்தாவில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பழக்கினார். "எதிர்க்கட்சி வக்கீல் நீங்க பாக்கவே இல்லைன்னு சொன்னா சரியான்னு கேப்பாரு. அது வழக்கமாக் கேக்கறதுதான், பயப்படாதீங்க. 'தவறுங்க'ன்னு ஒரே வார்த்தை சொல்லணும். எங்க, சொல்லுங்க பாக்கலாம்."

மாமா வாயைத் திறந்து மூடினார். "அவ்ளோ படிச்சவரு மூஞ்சப் பாத்துத் தவறுன்னு எப்படிங்க சொல்றது?" என்றார். அக்கா சிரித்தாள். நான் எழுந்து உள்ளே போனேன்.

அன்றைக்குக் கோர்ட்டில் நானும் அக்காவும் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மாமா துவைத்து மடித்த வெள்ளைச் சட்டையில் கூண்டில் நின்றார். அண்ணனுடைய வக்கீல் ஒரு சின்னப் பையன். அவரிடம் எந்த ஆதாரமும் இல்லை. பெயர், வேலை, எத்தனை வருஷப் பழக்கம் என்று பத்து நிமிஷம் ஓட்டினார். அதெல்லாம் நன்றாகவே போனது. கடைசியில், எல்லா வக்கீலும் போட்டுவைக்கிற அந்தக் கேள்வியைப் போட்டார்.

"உயில் எழுதப்பட்ட அன்று நீங்கள் அந்த வீட்டுக்கே போகவில்லை என்று சொன்னால் சரியா?"

மாமா அந்தப் பையன் முகத்தைப் பார்த்தார். பிறகு எங்கள் வக்கீலைப் பார்த்தார். உதடு அசைந்தது. "சரிதாங்க" என்றார்.

கேட்டவருக்கே தூக்கிவாரிப்போட்டது. கையில் இருந்த கட்டை மூடப்போனவர் மறுபடி பிரித்தார். "அவர் கையெழுத்துப் போட்டதை நீங்கள் பார்க்கவில்லை?" "ஆமாங்க." எங்கள் வக்கீல் பாய்ந்து எழுந்தார். நீதிபதியைப் பார்த்து, சாட்சி பதற்றத்தில் இருக்கிறார், மறு விசாரணைக்கு அனுமதி வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு மாமாவிடம் திரும்பினார். "உங்க வாக்குமூலத்துல நேர்ல பாத்ததா சொல்லியிருக்கீங்களே, அது உண்மைதானே?" "உண்மைதாங்க சார்." நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "பெரியவரே, ரெண்டுல எது சரி?" "ரெண்டு ஐயா சொல்றதும் சரிதாங்கம்மா" என்றார் மாமா. பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அக்கா என் முழங்கையை இறுகப் பிடித்தாள், அவள் நகம் பதிந்தது.

அண்ணன் வக்கீலுக்கு இப்போது உற்சாகம் வந்துவிட்டது. நீதிபதியிடம் அனுமதி வாங்கி மேலும் கேட்டார். "அப்படியானால் இந்தக் காகிதத்தை உங்களிடம் யார் கொண்டுவந்து கொடுத்தார்கள்?" மாமா தரையைப் பார்த்தார். "இதோ, இந்த அம்மாவா?" என்று அக்காவைக் காட்டினார். "பெரிய பாப்பா அன்னிக்குக் கோயிலுக்குப் போயிருந்துச்சுங்க." வக்கீலின் கை நகர்ந்து என்னிடம் வந்து நின்றது. "அப்ப இவங்களா?"

 ஆமாங்க என்று வரும், இந்த மனுஷனுக்கு வேறு என்ன வரும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"இல்லைங்க" என்றார் மாமா. கம்பீரமாகக்கூட இல்லை, சாதாரணமாகச் சொன்னார். வக்கீல் மூன்று விதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டார். மூன்று தடவையும் இல்லைங்க, இல்லைங்க, இல்லைங்க. சத்தியம் பண்ணிவிட்டு நின்ற இடத்தில் அந்த மனுஷர் எனக்காகத் துணிந்து பொய் சொன்னார். அவருக்கு அந்த வார்த்தை வரும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க வந்த வார்த்தை, அக்கா வீட்டைக் காப்பாற்ற ஏன் வரவில்லை என்று அவரைக் கேட்க எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. முதலில் அவர் ஒத்துக்கொண்டது பொய்யில்லையே, அவர் பார்க்கவில்லைதானே.

உயில் நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பு வந்தது. என் பங்கை அக்காவுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன், ஏதோ பெரிய தியாகம் மாதிரி. அண்ணன் தன் பங்கை விடவில்லை, அவனுக்கு ஈடுகொடுத்து வாங்க அவளிடம் வழியில்லை. வீடு விலைக்குப் போனது. அக்கா மெஷினைத் தூக்கிக்கொண்டு திருவதிகையில் ஒரு வாடகை போர்ஷனுக்குப் போனாள். சாட்சி சொன்ன அன்றே, கோர்ட்டிலிருந்து நாங்கள் வெளியே வந்தபோது, மாமா பஸ் நிற்கும் இடத்தில் எங்களுக்காகக் காத்திருந்தார். "பெரிய பாப்பா..." என்றார். அவள் காறித் துப்பிவிட்டு நடந்தாள். அவர் என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. பார்த்தால் எனக்குச் சங்கடம் என்று நினைத்திருப்பார். அவர் அப்படித்தான் நினைப்பார்.

போன ஐப்பசி மழையில் அவர் போய்ச் சேர்ந்தார். நான் போயிருந்தேன். அத்தை என்னைக் கட்டிக்கொண்டு, "கடசி வரிக்கும் பெரிய பாப்பா வருவாளான்னு கேட்டுக்கினே இருந்துச்சும்மா" என்றது. அங்கிருந்து நேராகத் திருவதிகைக்குப் போனேன். சொல்லிவிடுவது என்று பஸ்ஸில் நூறு தடவை எனக்குள் சொல்லிக்கொண்டு போனேன்.

அக்கா தைத்துக்கொண்டிருந்தாள். செய்தியைச் சொன்னேன். மெஷின் நிற்கவில்லை. "அண்ணன்கிட்ட என்ன வாங்கிக்கினு அப்படிச் சொன்னானோ. நல்ல சாவா வந்திருக்காது" என்றாள்.  அவள் நூலை அறுத்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஏண்டி, அன்னிக்கு நீதானே வீட்ல இருந்தே. அப்பா கையெழுத்துப் போடும்போது அந்த ஆளு பக்கத்துல நின்னாருதானே?"

அறுபது வயதை நெருங்குகிறாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அந்த வீட்டைப் பறித்தது யார் என்று அவளுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. ஆள் அவள் எதிரேதான் நின்றுகொண்டிருந்தாள்.

"ஆமாக்கா," என்றேன், "நின்னாரு."